எந்தச் சேம்பை நடலாம்? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மழைக்குப் பஞ்சமில்லாத வெப்பமண்டல நிலம். ஒரு பக்கம் மர நிழல், இன்னொரு பக்கம் கால் வைத்தால் புதையும் ஈரம். இங்கே மாவுச்சத்துக்காக ஒரு கிழங்குப் பயிர் போட வேண்டும் என்றால் சேம்பைத்தான் பலரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் சேம்பு என்ற பேரில் கைக்கு வரும் கன்றுகளுக்கு ஒரே குணம் கிடையாது. ஒன்று ஓடும் தண்ணீரில் நின்றபடி வளரும், இன்னொன்றுக்குத் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகும். ஒன்று ஆறு மாதத்தில் விளையும், இன்னொன்றுக்கு ஆண்டுகள் ஆகும்.

விளைச்சல் எவ்வளவு, ருசி எப்படி என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அவை பின்னால் வரவேண்டிய கேள்விகள். உங்கள் நிலத்தில் தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா, வடிகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதிப் பயிர்கள் தானாகவே விலகிவிடும். அடுத்தது, கிழங்கு எப்போது வேண்டும், வெட்டிய பிறகு எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது. மீதி எல்லாம் அப்புறம்.

யார் யார்

அகன்ற இலை, சதைப்பற்றான காம்பு, வெட்டினால் கையை அரிக்கும் சாறு. இந்த அடையாளத்தோடு வெப்பமண்டலத்தில் முக்கியமாக ஐந்து உணவுப் பயிர்கள் இருக்கின்றன. எல்லாமே அரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முதலாவது சேம்பு, அதாவது கொலொகேசியா எஸ்குலென்டா. இதற்குள்ளேயே இரண்டு போக்கு உண்டு. ஒன்றில் தாய்க்கிழங்கு பெரிதாகப் பருக்கும், பக்கக் கிழங்குகள் பேருக்குச் சில இருக்கும். இதை டாஷீன் வகை என்பார்கள். மற்றதில் தாய்க்கிழங்கு சிறியது, அதைச் சுற்றிக் கொத்தாக நிறையப் பக்கக் கிழங்குகள் பிடிக்கும். இது எட்டோ வகை, நம்மிடம் சேப்பங்கிழங்கு என்று வருவது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பயிர் டானியா. சாந்தோசோமா பேரினத்தைச் சேர்ந்த இது வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றி, 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குப் போனது. மூன்றாவது சதுப்புச் சேம்பு, சைர்டோஸ்பெர்மா. நான்காவது ராட்சதச் சேம்பு, அலோகேசியா மேக்ரோரைசோஸ். ஐந்தாவது சேனைக்கிழங்கு.

சேம்பையும் டானியாவையும் குழப்பிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். சேம்பில் காம்பு இலையின் விளிம்பில் சேராது, அடிப்பக்கத்தில் சற்று உள்ளே தள்ளி ஒட்டியிருக்கும். டானியாவில் இலையின் கீழ்ப்பிளவு முடிகிற இடத்திலேயே காம்பு சேரும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அழகுக்காக வளர்க்கும் கரும்பச்சை, ஊதா இலைச் செடிகளில் பல இதே குடும்பம்தான். உண்ணும் ரகம் என்று உறுதியாகத் தெரியாத எதையும் சமையலுக்கு என்று நடாதீர்கள்.

ஓடுவதும் தேங்குவதும் ஒன்றல்ல

"சேம்புக்குத் தண்ணீர் பிடிக்கும்" என்பது பாதி உண்மை. டாஷீன் வகைச் சேம்பு வெள்ளக்கட்டில், அதாவது தண்ணீர் நிரப்பிய வயலில், வளரக்கூடியது, அது சரி. அதன் காம்பிலும் வேரிலும் காற்றறைகள் நிறைந்த திசு இருக்கிறது. மேலே இருந்து ஆக்சிஜன் அந்த வழியாக இறங்குவதால், சேற்றுக்குள் இருக்கும் வேராலும் மூச்சுவிட முடிகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஹவாய் தீவுகளில் லோயி என்ற சேம்பு வயல்களை அமைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். ஓடையில் இருந்து வாய்க்கால் பிரித்து, மேல் வயலில் விட்டு, அங்கிருந்து கீழ் வயலுக்கு இறக்கி, கடைசியில் மறுபடியும் ஓடையிலேயே சேர்த்துவிடுவார்கள். தண்ணீர் எங்கும் உட்காருவதில்லை.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? வெயிலில் தண்ணீர் சூடாகும், சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். தண்ணீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசைத் தாண்டத் தாண்ட, பித்தியம் என்ற நுண்ணுயிரி கிழங்கையும் வேரையும் அழுக வைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மேலே இலை பச்சையாகத் தெரியும், கீழே கிழங்கு கொழகொழத்துப் போயிருக்கும். அதனால் தேங்கிய குட்டையைக் காட்டி "இதில் சேம்பு நடலாமா" என்று யாராவது கேட்டால் நடவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓட்டம் உண்டாக்க முடிந்தால் மட்டும் வெள்ளக்கட்டு. முடியாவிட்டால் மேட்டுப்பார் அமைத்து அதன் மேல் நட்டு, பார்களுக்கு இடையே தண்ணீர் வடிய வழி விடுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. பப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்தில் குக் என்ற சதுப்பு இருக்கிறது. அங்கே சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈர மண்ணில் மேடு கட்டிப் பயிர் செய்த தடங்கள் கிடைத்திருக்கின்றன, வாய்க்கால்கள் அதற்குப் பிறகு வந்தவை. அங்கு கிடைத்த கற்கருவிகளில் சேம்பின் மாவுமணிகள் ஒட்டியிருந்தன. 2008இல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஈர நிலத்தில் சேம்பு வளர்த்த அந்த மக்கள் பயிரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கத்தான் அவ்வளவு மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

ஓடும் தண்ணீர் உண்மையிலேயே இருந்தால் வெள்ளக்கட்டில் லாபம் உண்டு. களை அதிகம் முளைக்காது, விளைச்சலும் மானாவாரியைவிடக் கூடுதல். பதிலுக்குக் காலம் நீளும், 12 முதல் 15 மாதம் வரை ஆகலாம். தண்ணீர் மட்டத்தை அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். அத்துடன் ஆப்பிள் நத்தை என்கிற பெரிய நன்னீர் நத்தை. அது வயலுக்குள் வந்துவிட்டால் இளங்கன்றையும் கிழங்கையும் தின்று தீர்த்துவிடும், ஒழிப்பது லேசில்லை. மேட்டுநிலப் பயிரில் இந்தத் தலைவலி கிடையாது.

மானாவாரியில் வேறொரு சிக்கல். ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும், அதுவும் வளரும் பருவம் முழுக்கப் பரவிப் பெய்ய வேண்டும். நடுவில் வறட்சி வந்து மீண்டும் மழை பிடித்தால் கிழங்கு உடுக்கை போல நடுவில் ஒடுங்கிவிடும். வளர்ச்சி நின்ற இடம் அப்படியே பதிவாகிவிடுகிறது. தின்ன ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் எடை போச்சு. மழை விட்டு விட்டுப் பெய்யும் இடமாக இருந்தால் மண்ணை மூடும் இலைதழை மூடாக்கைக் கனமாகப் போடுங்கள், அல்லது பாசன வசதி இருக்கிற மூலைக்குச் சேம்பை மாற்றுங்கள்.

பெரிய ஒற்றைக் கிழங்கா, கொத்துக் கிழங்கா

வெள்ளக்கட்டு வேண்டாம் என்று முடிவானால் டாஷீனா எட்டோவா என்ற கேள்வி வரும். பார்வைக்கு டாஷீன்தான் ஈர்க்கும். ஒரு செடியைப் பிடுங்கினால் ஒரே பெரிய உருண்டை, தோல் சீவுவதும் சுலபம். எட்டோவில் சின்னச் சின்னக் கிழங்குகளாகப் பிரித்து, மண் உதிர்த்து, ஒவ்வொன்றாகத் தோல் உரிக்க வேண்டும். ஒரு கூடைக் கிழங்கை உரித்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

ஆனாலும் வீட்டுத் தேவைக்கு நடுபவருக்கு நான் எட்டோவையே சொல்வேன். காரணம் சேமிப்பு. டாஷீன் கிழங்கை வெட்டினால் சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் தாங்கினால் பெரிது, தலைப்பக்கம் வெட்டிய காயத்தில் இருந்து அழுகல் தொடங்கிவிடும். எட்டோவின் பக்கக் கிழங்குகள் கொஞ்ச காலம் உறங்கும் தன்மை கொண்டவை. காற்றோட்டமான நிழலில் உலர்வாகப் பரப்பி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், அதிலேயே அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கும் ஆயிற்று. 25 முதல் 40 கிராம் எடையுள்ள பக்கக் கிழங்கு ஒன்று போதும். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் 100 சதுர மீட்டருக்கு சுமார் 370 கிழங்குகள் வேண்டும், மொத்தம் 9 முதல் 15 கிலோ. டாஷீனில் அப்படி இல்லை. பெரும்பாலும் அறுவடை செய்த செடியின் தலைப்பகுதியை, கிழங்கின் ஒரு சிறு வில்லையும் 20 செ.மீ. அளவுக்குக் காம்பும் சேர்த்து வெட்டி, உடனே அல்லது சில நாட்களுக்குள் நட்டாக வேண்டும். அறுவடையும் நடவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். ஆண்டு முழுக்க மழை பெய்கிற இடத்தில் இது பிரச்சினையே இல்லை. நீண்ட வறண்ட பருவம் உள்ள இடத்தில், அந்தப் பருவம் முடியும்வரை நடவுப் பொருளை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டும்.

எட்டோ வகை வறட்சியையும் குளிரையும் சற்று அதிகமாகத் தாங்கும். ஆறு ஏழு மாதத்தில் முடிந்தும் விடும். டாஷீன் சிறக்கும் இடம் எது என்றால், நிறைய ஆட்களுக்கு ஒரே வேளையில் சமைக்க வேண்டிய இடம், அல்லது வெட்டிய சில நாளிலேயே விற்றுவிடும் வசதி உள்ள இடம்.

நோய் வந்தால் கணக்கு மாறும்

சேம்பை மட்டும் நம்பி ஒரு நாடே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான சமோவா ஒரு பாடம். அங்கே நியூவே என்ற ஒரே ரகத்தைத்தான் விரும்பி, பரவலாக நட்டிருந்தார்கள். ஏற்றுமதியும் அதை நம்பித்தான் நடந்தது. 1993இல் இலைக்கருகல் நோய் வந்தது. பைட்டாப்தோரா கொலொகேசியே என்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். இலையில் நீர் கோத்த சிறு புள்ளியாகத் தொடங்கி, வட்ட வட்டமாக விரிந்து, சில நாட்களில் முழு இலையையும் சாய்த்துவிடும். மழைத்துளி தெறித்தாலே அடுத்த செடிக்குப் போய்விடும். நல்ல நிலையில் சுமார் 40 நாள் நிற்கும் இலை இந்த நோயில் 20 நாள்கூட நிற்பதில்லை. இலை இல்லாமல் கிழங்கு எங்கிருந்து பருக்கும்? அடுத்த ஆண்டே சமோவாவின் சேம்பு ஏற்றுமதி ஏறக்குறைய நின்று போனது. பிறகு பலாவு, மைக்ரோனேசியா போன்ற இடங்களில் இருந்து தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்து, கலப்பினமாக்கித்தான் பயிரை மீட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் 2009க்குப் பிறகு இதே நோய் சேம்பைப் பலமாக அடித்தது.

இந்த இடத்தில்தான் டானியா உள்ளே வருகிறது. இந்த இலைக்கருகல் டானியாவைத் தொடுவதில்லை. உங்கள் பகுதியில் இரவெல்லாம் ஈரமும் புழுக்கமும் நிற்கும், கருகலும் ஏற்கெனவே இருக்கிறது என்றால், சேம்பில் தாங்கும் ரகம் கிடைக்காதவரை டானியாதான் புத்திசாலித்தனமான தேர்வு. மர நிழலையும் அது நன்றாகவே தாங்கும், கோகோ, காப்பித் தோட்டங்களில் இளமரங்களுக்கு இடையே அதைப் போடுவது வழக்கம். தாய்க்கிழங்கு காறும் என்பதால் உண்பது பெரும்பாலும் பக்கக் கிழங்குகளைத்தான். செடியைப் பிடுங்காமல் ஓரமாகத் தோண்டி, பருத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடலாம். சிறு தோட்டக்காரருக்கு இது பெரிய சௌகரியம்.

ஆனால் டானியாவுக்கும் ஒரு பகை உண்டு. பித்தியம் மிரியோட்டைலம் என்ற வேரழுகல் கேமரூன் நாட்டில் டானியாவைக் கடுமையாகப் பாதித்தது. ஈரம் கோத்த, வடிகால் இல்லாத மண்ணில் இது பிடித்தால் செடி மஞ்சளித்து நின்றுவிடும். மறுபடியும் தண்ணீரிடமே வந்துவிட்டோம். சேம்புக்கு நோய் வருகிற அதே ஈர மூலையில் டானியாவைக் கொண்டுபோய் வைத்தால் இன்னொரு நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறோம். டானியாவுக்கு மேடு, வடிகால், ஒரு மீட்டர் இடைவெளி, 9 முதல் 12 மாதப் பொறுமை. இவ்வளவும் இருந்தால் நடலாம்.

மற்ற மூன்றும்

ராட்சதச் சேம்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்டைத்தான் தின்பார்கள், காறல் அதிகம், நீண்ட நேரம் வேகவைக்க வேண்டும். டோங்கா, சமோவா போன்ற இடங்களில் முறையான உணவுப் பயிர்தான் என்றாலும், பழக்கமில்லாதவர் இதில் தொடங்குவதில் அர்த்தமில்லை.

சதுப்புச் சேம்பு வேறு ரகம். கிரிபாட்டி, துவாலு போன்ற பவளத் தீவுகளில் மண்ணே கிடையாது, வெறும் பவள மணல். நிலத்தடியில் கடல்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் வரை குழி தோண்டி, இலைதழைகளைப் போட்டு மக்க வைத்து, அந்தக் குழிக்குள் இதை நடுகிறார்கள். விளைய ஆண்டுகள் ஆகும், ஆனால் விளைந்த பின்பும் வெட்டாமல் ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே விட்டு வைக்கலாம், நிலத்துக்குள் இருக்கும் சேமிப்பு அது. சில மஞ்சள் சதை ரகங்களில் பீட்டா கரோட்டின் நன்றாகவே இருக்கிறது. கடல் உப்பு அந்த நன்னீரில் கலந்துவிட்டால் குழியே வீண். நிரந்தரச் சதுப்பு உங்களிடம் இருந்து, நிறைய ஆண்டுகள் காத்திருக்கவும் தயார் என்றால் மட்டும் யோசியுங்கள்.

சேனைக்கிழங்கு இந்தப் பட்டியலின் மறுமுனை. ஈரம் தேங்கவே கூடாது, வறண்ட பருவத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும், வெட்டிய கிழங்கு காற்றோட்டத்தில் சில மாதம் அப்படியே இருக்கும். மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்த இடத்துக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பொருத்தம். தடங்கல் ஒன்றுதான், நடவுப் பொருள். ஒரு குழிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை விதைக்கிழங்கு வேண்டும். 90 செ.மீ. இடைவெளியில் 100 சதுர மீட்டருக்கு சுமார் 120 குழிகள், அதாவது 60 முதல் 120 கிலோ. எட்டோவுக்கு ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரலாம், இதற்கு வண்டி பிடிக்க வேண்டும்.

சேம்பே வேண்டாம் என்று சொல்லும் இடம்

நிலம் மேடாக, மெலிந்த மண்ணாக, மழை குறைவாக இருந்தால் இந்தக் குடும்பத்தையே விட்டுவிடுங்கள். மரவள்ளி அங்கே கவலையில்லாமல் வளரும். வெட்டிய இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும் என்பதுதான் அதன் குறை, அதற்காகத் தேவைப்படும்போது மட்டும் பிடுங்கிக்கொள்ளலாம். மூன்று நான்கு மாதத்தில் உணவு வேண்டும் என்றால் சர்க்கரைவள்ளி. சேம்பின் இடம் இவை இரண்டும் தடுமாறும் ஈரமான, நிழலான நிலம்தான்.

அடுப்படிக் கணக்கு

எந்தச் சேம்பாக இருந்தாலும் பச்சையாகத் தின்ன முடியாது. கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் கட்டுக் கட்டாகச் செல்களுக்குள் அடைபட்டிருக்கும், கடித்ததும் அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காறல் போகும், நீரில் கரையும் ஆக்சலேட்டும் கணிசமாக வெளியேறும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் சேம்பை, குறிப்பாக இலையை, அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. விறகோ எரிவாயுவோ தட்டுப்பாடாக இருக்கும் வீட்டில் இந்த வேகும் நேரமும் ஒரு செலவுதான். காறல் குறைந்த ரகங்கள் உண்டு, கன்று வாங்கும்போது அதைக் கேட்டுவிடுங்கள்.

வெந்த சேம்பு 100 கிராமில் சுமார் 142 கிலோகலோரி, 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதே அளவு வெந்த உருளைக்கிழங்கில் 87 கிலோகலோரி அளவுதான். புரதம் மிகக் குறைவு, அரைக் கிராம். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது இலை, பச்சை இலை 100 கிராமில் சுமார் 5 கிராம் புரதம் உண்டு. சேம்பின் மாவுமணிகள் மிகச் சிறியவை, 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவு. உருளைக்கிழங்கின் மணிகள் 100 மைக்ரோமீட்டர் வரை போகும். அதனால் வெந்த சேம்பு மென்மையாகக் குழைந்து, எளிதில் செரிக்கும். டானியாவின் மணிகள் பெரியவை, சதை சற்று மாவாக உதிரும். இலையும் வேண்டும், கிழங்கும் வேண்டும் என்பவர் கவனிக்க: இலையைத் தொடர்ந்து பறித்தால் கிழங்கு இளைக்கும். நான்கைந்து செடிகளை இலைக்கென்றே ஓரமாக ஒதுக்கிவிடுவது எளிது.

என்னிடம் ஒரு சாதாரண ஈரத் தோட்டத்துக்கு ஆலோசனை கேட்டால், வடிகிற மேட்டுப்பார்களில் பெரும்பகுதி எட்டோ, மர நிழலில் பத்துப் பதினைந்து டானியா, வாய்க்கால் ஓடுகிற ஓரம் இருந்தால் அங்கே மட்டும் ஒரு வரிசை டாஷீன் என்பேன். ஒரே ரகமாக நட்டால் வேலை எளிது, ஆனால் கருகல் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். கன்றையும் விதைக்கிழங்கையும் முடிந்தால் செடி வயலில் நிற்கும்போதே போய்ப் பார்த்து எடுங்கள். இலை நரம்போரம் இறகு விரித்தது போல வெளிர் கோடுகள் தெரிந்தால் அது டாஷீன் மொசைக் வைரஸ். கிழங்கு வழியாகவே அடுத்த தலைமுறைக்கு வரும், மருந்து கிடையாது. அந்தச் செடியில் இருந்து எதையும் எடுக்க வேண்டாம், எவ்வளவு பெரிய கிழங்காக இருந்தாலும்.